அர்ணாக்கொடியும் பதினொரு ‘இல்லை’யும்

உங்களில் யாராவது, “ஊசி போட நரம்பு பிடிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது பெரிய சிஸ்டர்தான்” என்று வெளியே பெருமையடித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து கொஞ்சம் நிறுத்துங்கள். நான் கற்றுக்கொடுத்த இன்னொரு வித்தையும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். முப்பது வருஷத்துக்கு மேல் ஊசி குத்தியவள், கடைசிப் பத்து வருஷம் செஞ்சியில் நம் ஸ்கேன் சென்டரில் ஆட்களை மெஷினுக்குத் தயார் செய்து அனுப்பியவள் என்ற முறையில், ஓய்வு பெற்ற பிறகாவது உண்மை பேசலாம் என்று நினைக்கிறேன். வேலையில் இருந்தபோது அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

வயிற்று ரத்தக்குழாய்களை மருந்து ஏற்றிப் படம் எடுப்பதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பது சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. நான்கு மணி நேரம் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம், கிட்னிக்கான ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டும், முழங்கை மடிப்பில் தடிமனான ஊசி போட வேண்டும், உடம்பில் உலோகம் கூடாது. அதை நான் மறுபடி எழுதப் போவதில்லை. படிக்கத் தெரிந்துதானே வேலைக்கு வந்தீர்கள்!

சுவரில் ஒட்டாத சங்கதிகள் சில இருக்கின்றன. அந்த மருந்து உள்ளே போகும்போது உடம்பு முழுக்கச் சூடாகும். தொண்டையில் ஆரம்பித்து அடிவயிறு வரைக்கும் இறங்கும். கடைசியில், படுத்தபடியே ஒன்றுக்குப் போய்விட்டது போலத் தோன்றும். போயிருக்க மாட்டார்கள், தோன்றும், அவ்வளவுதான். இந்த சென்டருக்கு நான் வந்த புதிதில் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் வந்தார். இவ்வளவு படித்தவருக்கு நாம் என்ன சொல்வது என்று நான் எதுவும் சொல்லவில்லை. படம் எடுத்து முடிந்தது. மனிதர் மேஜையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். “எல்லாரும் வெளிய போங்க. எங்க வீட்டுக்கு போன் பண்ணி ஒரு வேட்டி எடுத்தாரச் சொல்லுங்க” என்றார். அவர் மனைவி வேட்டியும் ஈரத் துண்டுமாகப் பதறிக்கொண்டு வந்தார். வெளியே ஆறு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால் கட்டிய வேட்டி மொடமொடவென்று இஸ்திரி கலையாமல் இருக்கிறது. அதன்பின் அவர் என்னை பஜாரில் எங்கே பார்த்தாலும் எதிர்ப் பக்கம் போய்விடுவார். அன்றிலிருந்து அந்தச் சூட்டைப் பற்றிச் சொல்லாமல் ஒருவரையும் நான் மெஷினுக்குள் விட்டதில்லை. என் தொழிலில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஒழுங்காகக் கடைப்பிடிக்காததற்கு வருகிறேன்.

மருந்து ஏற்றுவதற்கு முன் ஆளிடம் கேட்டு நிரப்ப வேண்டிய தாள் ஒன்று உண்டு. அதில் பதினொரு கேள்விகள். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, தைராய்டு உண்டா, கிட்னியில் கோளாறு உண்டா, எதற்காவது அலர்ஜி உண்டா, இதற்கு முன் இப்படி மருந்து ஏற்றியபோது ஏதாவது தொந்தரவு வந்ததா, இப்படி. நம் ஊர் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உண்டு என்று சொன்னால் ஸ்கேனை நாளைக்குத் தள்ளிவிடுவார்கள், மறுபடி பஸ் பிடித்து வர வேண்டும் என்ற பயத்தில், எதைக் கேட்டாலும் “இல்லீங்க” என்பார்கள். சர்க்கரை மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சர்க்கரை இல்லை என்று சொன்ன ஆள் எனக்குத் தெரியும். காலையில் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று சூடம் அணைக்காத குறையாகச் சொல்லிவிட்டு, மேஜையில் படுத்ததும் கேழ்வரகுக் கூழை என் புடவையிலேயே வாந்தி எடுத்தவரையும் தெரியும்.

ஆகவே நான் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தேன். காலையில் டீ வந்ததும், அன்றைக்கு வேண்டிய தாள்களை அடுக்கிவைத்து, பதினொரு கேள்விக்கும் முன்கூட்டியே ‘இல்லை’ என்று எழுதிவிடுவேன். ஆள் வந்ததும் பெயர், வயது, கையெழுத்து. முடிந்தது வேலை. யாராவது தானாக வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் அதை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்வேன். எங்கள் முதலாளிக்கு என் மேல் கொள்ளைப் பிரியம். “சிஸ்டர் கையில கேஸ் சும்மா பறக்குது பாரு” என்பார். இந்தக் கைங்கரியத்தைப் பார்த்து உங்களில் இரண்டு பேர் கற்றுக்கொண்டீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், ஆனால் இதைப் படிக்கும்போது உங்களுக்கு முகம் சிவக்கும். சிவக்கட்டும். எனக்கும் சிவந்ததுதான்.

அது ஒரு சித்திரை மாதத்துப் பகல். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மூன்று மலையும் காலையிலிருந்து காய்ந்து, மத்தியானம் அந்தச் சூட்டை ஊருக்குள் திருப்பி ஊதும். கோட்டை ஏறி இறங்கும்போது கால் பிசகி வரும் காலேஜ் பிள்ளைகள்கூட அன்று யாரும் இல்லை. டூட்டி டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். இருந்தது நானும் மெஷினை இயக்கும் டெக்னீஷியன் ஜாபரும்தான். ஜாபருக்கு முப்பது வயசு இருக்கும். அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பெரிய கடைத்தெருவில் பூஜை சாமான், கயிறு, ஊதுவத்தி விற்கும் கடை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் போன் செய்தார். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர், அன்று மூச்சு வாங்கினார்.

“சிஸ்டர், சிங்கவரத்துலருந்து ஒருத்தர் வந்திருக்காரு. காலையிலருந்து வயித்துலயும் முதுகுலயும் வலி. கேஸுன்னு சோடா குடிச்சிட்டு உக்காந்திருந்திருக்காரு. நான் அல்ட்ராசவுண்டு வச்சு பாத்தேன். வயித்து பெரிய ரத்தக்குழாய் வீங்கி இருக்குது. கசியுதோன்னு சந்தேகமா இருக்குது. ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆகுமாம். அதுக்குள்ள ஒரு ஆஞ்சியோ எடுத்து பாண்டிக்கு படத்த அனுப்பிடுங்க. அங்க சர்ஜன் பாத்துட்டு தியேட்டர ரெடி பண்ணிடுவாரு.”

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைவிரல் தடிமனில் இருக்க வேண்டிய குழாய் அவருக்குப் பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதியிருந்தது. வெடித்துவிட்டால் பாண்டி இல்லை, திண்டிவனம்கூடப் போய்ச் சேர முடியாது. கசிகிறதா இல்லையா என்று சீக்கிரம் தெரிந்தால் பிழைக்க வழி உண்டு. எங்களுக்கு இருந்தது அரை மணி நேரம்.

ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் பெயர் ஏழுமலை. அறுபதை நெருங்கும் வயசு, மணிலாக் கடலை பயிரிடுகிறவர், நல்ல தொப்பை, முகமெல்லாம் வேர்வை. கூட அவர் மனைவி பச்சையம்மாள், சிவப்புக் கரை போட்ட நூல் புடவையில். கையில் ஒரு மஞ்சள் பை. என்ன அவசரமோ, பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு சீப்பும் தவிர வேறு எதுவும் இல்லை. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் கொண்டுவரவில்லை.

தாளை நீட்டினேன். பதினொரு ‘இல்லை’ ஏற்கெனவே தயாராக இருந்தது. வலியோடு வலியாக ஏழுமலை கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். முழங்கையில் ஊசியை ஒரே குத்தில் ஏற்றினேன். சட்டையைக் கழற்றி, வேட்டியைத் தளர்த்தியபோதுதான் அதைப் பார்த்தேன். தொப்பைக்கு அடியில் பதிந்துபோய், விரல் கனத்தில் ஒரு வெள்ளி அர்ணாக்கொடி. அதில் தொப்புளுக்கு நேராக ஒரு தாயத்து வேறு.

ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் கயிறு சாதாரண நூலாக இருந்தால் மெஷினுக்கு ஒன்றும் இல்லை. வெள்ளியாக இருந்தால் படம் முழுக்கக் கோடு கோடாக வெளிச்சம் அடிக்கும். அதுவும் நாம் பார்க்க வேண்டிய குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலேயே தாயத்து உட்கார்ந்திருக்கிறது.

“இத கழட்டணும்” என்றேன்.

“அது முடியாதும்மா” என்றார் ஏழுமலை. அதுவரைக்கும் முனகிக்கொண்டிருந்தவருக்கு எங்கிருந்துதான் அப்படிக் குரல் வந்ததோ.

“முடியாதுன்னா படம் விழாது.”

“விழலன்னா போவட்டும். இடுப்புல கயிறு இல்லாம நான் படுக்க மாட்டேன். கயித்த அறுக்கிறது பொணத்துக்குதான்.”

இதை நானும் கேட்டு வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டிலும் உயிர் போன பிறகுதான் அர்ணாக்கயிற்றை அறுப்பார்கள். ஆனால் வெள்ளை யூனிபார்ம் போட்டுவிட்டால் நமக்கு அதெல்லாம் மறந்துபோகும். சரி, கழற்ற வேண்டாம், மேலே நெஞ்சுக்கோ கீழே தொடைக்கோ தள்ளிவிடலாம் என்று பார்த்தேன். கல்யாணத்தின்போது மாமனார் போட்ட கொடியாம். அப்போது ஏழுமலை ஒல்லி. முப்பத்தைந்து வருஷத்தில் தொப்பை வளர்ந்தது, கொடி வளரவில்லை. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

பச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் நர்சம்மா. உன் கால்ல வுழறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கிட்னில கல்லுன்னு பாண்டில இதே மாதிரி மிசினுல படுக்க வச்சாங்க. அங்கயும் இந்தக் கொடிய கழட்டச் சொன்னாங்க. கழட்டி என் கையில குடுத்து கொஞ்ச நேரங்கூட ஆவல, இவருக்கு மூச்சு நின்னுபோச்சு. மூஞ்செல்லாம் வீங்கிப்போயி, மூணு நாளு ஐசியூல கெடந்தாரு. வெறும் இடுப்பா படுத்ததாலதான் அப்படி ஆச்சு.”

நான் சிரித்தேன்.

லேசாகப் புன்னகை செய்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை, வாய்விட்டுச் சிரித்தேன். “இன்னாம்மா நீ, மூச்சு மூக்குல இருக்குதா, இடுப்புக் கயித்துல இருக்குதா? அப்படின்னா வெளிநாட்டுக்காரன் ஒருத்தன்கூட உசுரோட இருக்க முடியாதே!” என்று கேட்டேன். ஜாபரும் தலையைக் குனிந்து சிரித்தான். பச்சையம்மாள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கையை விட்டுவிட்டார்.

அதோடு விட்டேனா? நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று போன் வந்துவிட்டது. நான் அதட்டினேன், மிரட்டினேன். “இப்படியே வீட்டுக்குப் போனா நாளைக்கு எப்படியும் அறுத்துதான் ஆகணும்” என்றுகூடச் சொன்னேன். எழுதும்போது எனக்கே கூசுகிறது. ஆனால் அன்று சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

ஏழுமலை அசையவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் புத்தியே நுழையவில்லை. நல்லவேளை, ஜாபருக்கு நுழைந்தது.

“அக்கா, எங்க அத்தா கடையில வருசத்துக்கு ஆயிரம் அர்ணாக்கயிறு விக்கிறோம். வாங்குறவங்க யாரும் பழச மொதல்ல அறுக்க மாட்டாங்க. புதுசு கட்டினப்புறம்தான் பழச எடுப்பாங்க. இடுப்பு ஒரு நிமிசம்கூட வெறுமனே இருக்காது. நாமளும் அப்படிச் செஞ்சா இன்னா?” என்றான். பிறகு அவரிடம் திரும்பி, “இன்னா பெரியப்பா, சரியா?” என்று கேட்டான்.

ஏழுமலை யோசித்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

ஜாபர் கட்டுத் துணிச் சுருளை எடுத்து நீளமாகக் கிழிக்கப் போனான். பச்சையம்மாள், “வெள்ளையா? அது சாவு வூட்டுத் துணி தம்பி” என்று தடுத்தார். மேஜை மேல் இருந்த என் கத்தரியைத் தானே எடுத்தார். தன் புடவையின் சிவப்புக் கரையில் ஒரு வெட்டு வெட்டி, சர்ரென்று இரண்டு முழத்துக்குக் கிழித்து, முறுக்கி, கணவன் இடுப்பில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். அதன் பிறகு வெள்ளிக் கொடியின் திருகாணியை ஜாபர் குறடு வைத்துத் திருகி எடுத்தான். பச்சையம்மாள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிட்டத்தட்டப் பத்து நிமிஷம் போராடி ஜெயித்தாகிவிட்டது, அதுவும் யாரும் அழாமல். ஏழுமலையை மேஜையில் படுக்க வைத்தோம். ஊசியை மருந்து தள்ளும் மெஷினோடு இணைத்தேன். கொஞ்சம் உப்புத் தண்ணீர் தள்ளிப் பார்த்தேன், நரம்பு தங்கம் மாதிரி வாங்கியது. ஜாபர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். அவன் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், மருந்து பாய ஆரம்பிக்கும்.

நான் ஏழுமலையின் தோளைத் தட்டி, ஹெட்மாஸ்டர் புண்ணியத்தில் வந்த பாட்டைப் பாடினேன்.

“பயப்படாதீங்க. மருந்து உள்ள போறப்போ ஒடம்பெல்லாம் சூடாகும். ஒன்னுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். ஆனா போயிருக்க மாட்டீங்க.”

“தெரியும்மா” என்றார் அவர், கண்ணை மூடியபடி. “பாண்டிலயும் அப்படித்தான் சூடா எறங்குச்சு. அதுக்கப்புறம்தான் தொண்டைய கப்புன்னு புடிச்சுது.”

நான் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டேன். கதவின் கைப்பிடியில் கை இருக்கிறது. கதவைச் சாத்தியதும் ஜாபர் பட்டனை அமுக்குவான், அதுதான் எங்கள் வழக்கம். அந்த இடத்தில்தான், அப்பாடா, என் மண்டைக்குள் ஏதோ நகர்ந்தது.

சூடு என்றால் மருந்து. மருந்து ஏறியிருக்கிறது. அதன் பிறகு தொண்டை அடைத்திருக்கிறது. முகம் வீங்கியிருக்கிறது. மூன்று நாள் ஐசியூ. மூச்சு நின்றதையும் முகம் வீங்கியதையும் அந்த அம்மா முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் கயிறு என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

“ஜாபர், அமுக்காத! கைய எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே ரிசப்ஷனில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாளாம். ஜாபர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். நான் ஓடிப்போய் மருந்துக் குழாயை ஊசியிலிருந்தே பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் உப்புத் தண்ணீர் ஏழுமலையின் முகத்தில் தெளித்தது. அவர் திடுக்கிட்டுக் கண் திறந்து, “ஆயிடுச்சா?” என்றார்.

நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடவை அந்த அளவுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த தடவை இன்னும் மோசமாக வரலாம். ரத்த அழுத்தம் தரையைத் தொடும். தொண்டை அடைத்தால் குழாய் போடத் தெரிந்த டாக்டர் சாம்பார் சாதத்தில் இருக்கிறார். நிலைமையைச் சமாளிக்கக் கொடுக்கும் ஊசி இதயத்தைத் துள்ள வைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், இங்கே ரத்தக்குழாய் ஏற்கெனவே எலுமிச்சம்பழமாக ஊதி நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் மனிதர் போயிருப்பார்.

ஆனால் நிறுத்தியதோடு பிரச்சினை தீரவில்லை. ஆம்புலன்ஸ் வர இன்னும் எவ்வளவோ நிமிஷம். மருந்து இல்லாமல் ஆஞ்சியோ இல்லை. சும்மா அனுப்பினால் பாண்டியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், ஒருவேளை இதே மருந்தையே ஏற்றிவிடுவார்கள். எனக்கு ஆத்திரம் ஒருபக்கம், அழுகை ஒருபக்கம். இந்த மாதிரி நேரத்தில் தனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி முடிவெடுப்பதுதான் பெரிய ஆபத்து. அந்த ஒரு விஷயத்தில் அன்று எனக்கு நல்ல புத்தி வந்தது. படங்களைச் சென்னையில் இருந்து பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன், நான் சிரித்ததைத் தவிர.

அவர் முதலில் என்னைத் திட்டினார். என்ன வார்த்தை என்று கேட்காதீர்கள், படித்தவர் என்று நம்ப முடியாத வார்த்தை. பிறகு சொன்னார். “மருந்து வேணாம். ப்ளெயினா ஒரு ஸ்கேன் போடுங்க. ரத்தம் குழாய்க்கு வெளிய கசிஞ்சிருந்தா அதுலயே தெரியும். இப்ப தெரிய வேண்டியது அது ஒன்னுதான். மத்தத பாண்டில பாத்துக்குவாங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

ப்ளெயின் ஸ்கேனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கொடி இல்லாததால் படம் தெளிவாக வந்தது, அந்த வகையில் ஜாபரின் யோசனை வீண்போகவில்லை. ஜாபர் அதை உடனே சென்னைக்கு அனுப்பினான். பிறகு அந்த டாக்டர், “இடது பக்கம் பின்னால கசிஞ்சு தேங்கி நிக்குது. இன்னும் முழுசா ஒடையல. வண்டி வந்ததும் பாண்டிக்கு ஓட்டச் சொல்லுங்க” என்றார். பாண்டி சர்ஜனிடம் அவரே பேசினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. அனுப்பும் சீட்டில் சிவப்பு மையில், எழுத்து ஒவ்வொன்றும் விரல் அளவுக்கு, இந்த மருந்து இவருக்கு ஆகாது, முன்பு ஏற்றியபோது மூச்சு நின்றிருக்கிறது என்று எழுதினேன். அது போதாது என்று அவர் கையில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி அதிலும் எழுதினேன். பச்சையம்மாள் கிழிந்த புடவையோடு வண்டியில் ஏறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வண்டி போன பிறகுதான் டூட்டி டாக்டர் வாயைத் துடைத்தபடி வந்தார். நான் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். என் கையெழுத்தில் பதினொரு ‘இல்லை’. ஆறாவது கேள்வி, இதற்கு முன் மருந்து ஏற்றியபோது ஏதாவது தொந்தரவு வந்ததா. இல்லை. கீழே ஏழுமலையின் கோணல் கையெழுத்து. காலையிலேயே எழுதிவைப்பேன் என்பதையும் சொன்னேன். அவர் தாளைக் கையில் எடுத்து மேலிருந்து கீழே வரை படித்தார்.

“அவரு செத்திருந்தா இந்தப் பேப்பரு நம்மள காப்பாத்தியிருக்கும் சிஸ்டர்” என்றார். “கேட்டோம், இல்லன்னு சொன்னாரு, கையெழுத்து போட்டாருன்னு காட்டியிருப்போம். நாமளே நம்பியிருப்போம்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று ராத்திரி கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

மறுநாள் மேஜையில் இருந்த தாள் கட்டை முழுவதுமாகக் கிழித்துப் போட்டேன். அதிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் யாரிடமும் “அலர்ஜி இருக்குதா?” என்று தொடங்கியதில்லை. “இதுக்கு முன்னாடி இந்த மாதிரி மிசினுல படுத்திருக்கீங்களா? எங்க? அப்ப இன்னா ஆச்சு? வீட்டுக்கு எப்ப வந்தீங்க?” என்று கதை கேட்பேன். ஜனங்களுக்குக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கசப்பு, கதை சொல்வதென்றால், கரும்பு தின்னக் கூலியா? கொஞ்சம் நேரமாகும். முதலாளி முகம் சுளிப்பார். சுளித்தார். ஒரு மாதம் சுளித்தார், பிறகு பழகிவிட்டது. யாராவது ஒன்றைக் கழற்ற மாட்டேன், குடிக்க மாட்டேன், படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால், அவரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் காரணத்தை ஓரமாக வையுங்கள். காரணம் தப்பாக இருக்கலாம். நடந்தது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் நடந்ததுதான்.

ஏழுமலை பிழைத்துக்கொண்டார். பாண்டியில் அன்றைக்கே வயிற்றைத் திறந்து குழாயைச் சரி செய்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, இருவரும் எங்கள் சென்டருக்கு வந்தார்கள். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். ஜாபருக்கு ஒரு பை நிறையப் பச்சை மணிலா கொண்டுவந்திருந்தார்கள். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள், ஜாபருக்குக் கொடுத்ததில் கால் பங்கு.

அவர் ஜாபரோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் பச்சையம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனேன், ஆனால் வாயைத் திறந்ததும் வேறு ஏதோ வந்தது. இத்தனை வருஷத்துப் பழக்கம், தப்பை அடுத்தவர் பக்கம் தள்ளியே பேச வருகிறது.

“பாண்டில அந்த ஊசி போட்டப்புறம்தான் மூச்சு நின்னுச்சுன்னு நீங்க எனக்கு வெவரமா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கு இவ்ளோ தூரம் வந்திருக்காது இல்ல?” என்றேன்.

பச்சையம்மாள் கோபப்படவில்லை. கடைசிப் பேருந்து எப்போது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“சொல்லத்தான் வந்தேன் நர்சம்மா. கொடிய கழட்டினாங்க, கையில ஊசி போட்டாங்க, சூடா இருக்குதுன்னாரு, மூஞ்சி வீங்கிச்சுன்னு ஒன்னு ஒன்னா சொல்லலாம்னுதான் ஆரம்பிச்சேன். நீ சிரிச்ச. சரி, இவ்ளோ படிச்சவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு, நான் வாய மூடிக்கினேன்.”